ஒண்ணு விட்டுப் பிடித்த கிட்டார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், அப்பா, என் கல்லூரி நண்பன் பாரூக், அப்பாவை வேலைக்குக் கூப்பிட வந்திருந்த சிங்காரம் மேஸ்திரி.

இல்லாதவர் அம்மா. பக்கத்துக் காட்டில் சின்ன வெங்காயத்துக்குக் களை எடுக்கப் போயிருந்தார். இருந்திருந்தால் என் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பார். இந்த அத்தியாயத்தை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

கட்டிலில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் கிட்டாரைக் கிடத்தியிருந்தோம். வார்னிஷ் வாசம் இன்னும் போகவில்லை. பாரூக் தன்னுடைய சின்ன ஆம்ப்ளிஃபயரைச் சுவரோரமாக வைத்து வயரைச் சொருகினான். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நிற்பதுபோல 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வந்தது.

அப்பா பதறிப்போய்க் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தார். இரைச்சல் அடங்கிவிட்டது. எடுத்தார், திரும்ப வந்தது. வைத்தார், அடங்கியது.

"பாத்தியா சிங்காரம், நம்ம கை பட்டா பேசாம கெடக்குது" என்றார்.

வேலையில் விழுந்து நொறுங்கித் தகடு வைத்த கை அது. ஆறு மாதத்தில் அந்தக் கையைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான்.

நான் கிட்டாரை மடியில் எடுத்து வைத்து ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். சுத்தமாக ஒலித்தன. கழுத்தின் தலைமாட்டில் விரல்களை வைத்து பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கட்டுகள் இரண்டு மூன்றை மீட்டினேன். அதுவும் சரியாகவே இருந்தது. அப்பா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

அந்த இரண்டு நிமிடம் எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

சென்ட்ரிங் என்றால் என்ன

அப்பா சாரத்திலிருந்து விழுந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். மீன்சுருட்டியிலிருந்து ஒரு வாசகர், "உங்கள் அப்பா ஆசாரியா, கொத்தனாரா, தெளிவாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. அவர் சென்ட்ரிங் வேலைக்காரர்.

கட்டடத்துக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அதைத் தாங்கப் பலகை அடிக்க வேண்டும், முட்டு கொடுக்க வேண்டும். கான்கிரீட் இறுகியதும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதுதான் சென்ட்ரிங். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அப்பா பலகை அடித்த வீடுகள் நிறைய நிற்கின்றன. எதிலும் அவர் அடித்த பலகை இல்லை.

விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கித் தகடு வைத்தார்கள். கை சேர்ந்துவிட்டது. ஆனால் முட்டுக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தும் வலு வரவில்லை.

சிங்காரம் மேஸ்திரி அரியலூரில் ஒரு கல்யாண மண்டப வேலையைப் பிடித்திருந்தார். அதற்கு ஓர் அளவு ஆள் தேவைப்பட்டார். டேப்பும் பென்சிலும் பிடித்துத் தூணுக்குத் தூண் அளந்து கோடு போட்டுக் கொடுக்கிற ஆள். தூக்குகிற வேலை கிடையாது. அந்தக் கைக்கு இனி அதைவிட்டால் வேறு வேலையும் கிடையாது. நாள் கூலி தொள்ளாயிரம்.

மேஸ்திரி அன்றைக்கு வந்தது அதற்காகத்தான். திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

எத்தனை எம்எம் கம்பி

கிட்டார் என்னுடைய ஆசை. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் பாரூக்கும் நானும் ஒரே அறை. அவன் லப்பைக்குடிகாட்டுக்காரன். அவனுடைய கிட்டாரில்தான் நான் கற்றுக்கொண்டேன். படிப்பு முடிந்து அவன் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனபோது, என் இடது கை விரல் நுனிகளில் காய்ப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன், கல்லூரிக்குப் போனவன் எல்லாமே நான்தான். படித்துவிட்டு வேப்பந்தட்டையில் ஓர் இணையச் சேவைக் கடையில் விண்ணப்பம் தட்டுகிற வேலையில் சேர்ந்தேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா. அந்தச் சம்பளத்தில் முழுக் கிட்டார் வாங்குவதற்கு மனம் வராது. மாதம் ஒரு பாகம் வாங்கலாம் என்று தோன்றியது.

முதலில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற முறுக்காணிகள் வந்தன. அடுத்த மாதம் பிக்அப். அது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தப் பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். பிறகு பிரிட்ஜ். கம்பிகளின் கீழ்முனையைத் தாங்குகிற இரும்புத் தகடு அது. ஒவ்வொரு பொட்டலமும் கூரியரில் வரும். அம்மா அதை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பார்.

கழுத்து துபாயிலிருந்து வந்தது. பாரூக்கின் அண்ணன் அங்கே ஒரு கடையில் வாங்கி, ஊருக்கு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். பிரித்தபோது மரவாசமே இல்லை, அத்தர் வாசம் அடித்தது. இப்போதும் அதன் முனையில் மூக்கை வைத்தால் லேசாக வரும்.

உடலுக்கு மரம் வேண்டும். அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி அது, எத்தன கம்பி போடணும்?"

"ஆறு கம்பிப்பா."

"எத்தன எம்எம்?"

வீட்டுக்குக் கம்பி கட்டுகிற கணக்கிலேயே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மறுநாள் காலையில் பஸ் ஏறி மரவாடிக்குப் போய் ஒரு மலைவேம்புப் பலகையுடன் திரும்பினார். மலைவேம்பு லேசான மரம், உளிக்கு அடங்கும்.

ஊரில் ஒருத்தர், "ஏம்ப்பா பெரியசாமி, நீ பலகை அடிக்கிற ஆளு. ஆசாரி வேலையெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "பிரிக்காத பலகை ஒண்ணாவது அடிச்சுப் பாப்பமேன்னுதான்" என்றார் அப்பா.

ஒரு மாதம் ஆயிற்று. இடது கையால் உளியைப் பிடித்து, தகடு வைத்த கையால் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியை மெல்லத் தட்டித் தட்டிக் குடைந்தார். கழுத்து உட்காருகிற பள்ளத்தை அவ்வளவு இறுக்கமாக எடுத்திருந்தார். திருகு இல்லாமலேயே நின்றது.

என் அப்பாவின் வயது

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் எட்டாவது படித்தபோது ஊருக்கு ஆதார் எடுக்க வந்தார்கள். அப்பாவிடம் பிறந்த தேதி கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் ஒன்றாம் தேதி என்று போட்டிருப்பார்கள். அதையே சொன்னேன். வருஷத்துக்கு ஒரு குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டேன். எழுதிக்கொண்டார்கள்.

அதுதான் அவர் வயது. யார் கேட்டாலும் அட்டையில் இருக்கிற வயதையே சொல்வார். "ரெண்டு மூணு கூடக் கொறைய இருக்குமே" என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "தம்பி கணக்குப் போட்டு எழுதுனது" என்பார்.

எங்கள் வீட்டில் எழுதுகிறவன் நான். பேங்க் சீட்டு, ரேஷன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசை என்று எதை எழுதிக் கொடுத்தாலும் அப்பா ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. எண்கள் தெரியும். தெரிந்தும் பார்த்ததில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

ஒண்ணு விட்டுப் பிடி

அளவு டேப்பின் நுனியில் ஒரு கொக்கி உண்டு. கட்டட வேலையில் சிமெண்டு அப்பி அப்பி அது வளைந்துவிடும், இல்லை பிய்ந்துவிடும். அதனால் சென்ட்ரிங்காரர்கள் நுனியை நம்புவதில்லை. ஓர் அங்குலம் தள்ளி, ஒன்று என்ற கோட்டைப் பொருளின் விளிம்பில் வைப்பார்கள். மறுமுனையில் வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். குறிக்கிறபோது ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். இதற்குப் பெயர் 'ஒண்ணு விட்டுப் பிடிக்கிறது'.

உறவில் ஒண்ணு விட்ட சித்தப்பா, ஒண்ணு விட்ட அண்ணன் என்கிறோம் அல்லவா? விட்டாலும் உறவு உறவுதான். அப்பாவுக்கு டேப்பும் அப்படி. வீட்டில் ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்க அளந்தாலும் ஒண்ணு விட்டுத்தான் பிடிப்பார். புது டேப் வாங்கிக் கொடுத்தும் அந்தக் கை மாறவில்லை.

கிட்டாரில் ஓர் அளவு தவறவே கூடாது. கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்து இறங்குகிற வெள்ளைத் துண்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள நீளம். எங்கள் கழுத்துக்கு அது இருபத்தைந்தரை அங்குலம். கூடினாலும் குறைந்தாலும் விரல் வைக்காமல் கம்பியைத் தட்டும்போது தெரியாது. விரலை வைத்துக் கழுத்தில் கீழே இறங்க இறங்கச் சுருதி விலகிக்கொண்டே போகும்.

பிரிட்ஜ் பொருத்த வேண்டிய நாளில் எனக்குக் கடையில் வேலை. அளவை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா ஒண்ணு விட்டுத்தானே பிடிப்பார் என்று நினைத்தேன். கூட்ட மறந்துவிட்டால் என்ன செய்வது? அவருக்குச் சிரமம் வேண்டாமென்று ஒன்றை நானே கூட்டினேன். இருபத்தாறரை என்று எழுதினேன்.

அப்பா தாளைப் பார்த்தார். "இது சரியான அளவுதான தம்பி?" என்றார்.

"சரியான அளவுதான்ப்பா."

நான் சொன்னது, அவர் டேப்பில் பென்சில் வைக்க வேண்டிய இடம். அவர் எடுத்துக்கொண்டது, இடையில் இருக்க வேண்டிய நீளம். படித்தவன் எழுதிய உண்மையான நீளத்துடன் தன் வழக்கப்படி ஒன்றைக் கூட்டி இருபத்தேழரையில் கோடு போட்டு, ஐந்து துளைகளைப் போட்டு, பிரிட்ஜை இறுக்கிவிட்டார்.

அவர் தவறிவிடக் கூடாதே என்று நான் ஒன்றைக் கூட்டினேன். நான் எழுதியதில் தவறே இருக்காது என்று அவரும் ஒன்றைக் கூட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும்

மேஸ்திரி தலையாட்டியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கழுத்தின் பாதிக்குக் கீழே, பன்னிரண்டாவது கட்டத்தில் விரலை வைத்துத் தட்டினேன். அங்கே அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். கேட்கவில்லை. அழுகிறமாதிரி ஒரு சத்தம் வந்தது.

திரும்பத் தட்டினேன். பாரூக்கின் முகம் மாறியது.

"மாப்ள, எறங்கி நிக்குதுடா" என்றான்.

மேஸ்திரிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அளவுக் கோளாறு தெரியும். என்ன நீளம் இருக்க வேண்டும் என்று கேட்டார். இருபத்தைந்தரை என்று பாரூக் சொன்னான். மேஸ்திரி இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து, அவரும் ஒண்ணு விட்டுத்தான், பிடித்துப் பார்த்தார்.

"இருபத்தாறரை இருக்குதுண்ணே."

அப்பா டேப்பை வாங்கித் தானும் பிடித்தார்.  அவ்வளவு நிதானமாகத்தான் அளந்தார். இருபத்தாறரை.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. 

அப்பா யோசித்துக்கொண்டே பேசினார். "தாள்ல இருபத்தாறரைன்னு பாத்த மாதிரிதான் ஞாபகம். அத வச்சுத்தான் ஒண்ணு கூட்டிக் குறிச்சேன்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ இருபத்தஞ்சரைதான எழுதுன?"

வீட்டில் மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவன் என்பதைத் தவிர எனக்கு அந்த ஊரில் வேறு பெயர் இல்லை. மேஸ்திரியின் முன்னால் அதை விட மனசு வரவில்லை. இதற்குமேல் நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அப்பா டேப்பை மெல்ல உள்ளே விட்டார்.

"அப்ப அஞ்சு எனக்கு ஆறாத் தெரிஞ்சிருக்கு" என்றார். மேஸ்திரி பக்கம் திரும்பி, "சிங்காரம், நீ வேற ஆளப் பாத்துக்க. அஞ்ச ஆறுன்னு பாக்குறவன் தூணுக்குக் கோடு போடக் கூடாது. நாளைக்கு மேல நிக்கிறது சனம்" என்றார்.

மேஸ்திரி, "அட என்னாண்ணே, வெளையாட்டுச் சாமானுக்குப் போயி" என்று இழுத்தார். ஆனால் அந்த இழுவை நீளவில்லை. டீ குடித்துவிட்டுப் போயிட்டு வரேன் என்று கிளம்பினார். பாரூக்கும் அவரோடு போனான். அப்பா போர்வையை மடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய உளிப் பெட்டிக்குள்ளிருந்து அந்தத் துண்டுத்தாளை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம்

மேஸ்திரி வேறொருவரைப் போட்டுக்கொண்டார். அப்பா காலையில் எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. நானும் தொடவில்லை, அவரும் தொடவில்லை.

இரண்டாவது வாரம் ஊர்ப் பள்ளியில் கண் முகாம் போட்டார்கள். அப்பா தானாகவே போய் வரிசையில் நின்றார். சோதித்தவர்கள் கண்ணில் குறை ஒன்றுமில்லை, புரையும் இல்லை, கிட்டத்தில் பார்ப்பதற்குக் கண்ணாடிகூட இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நல்ல சேதிதான். ஆனால் அன்றிலிருந்துதான் அவர் பேசுவதைக் குறைத்தார். ஏனென்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பயமாக இருந்தது என்பதுதான் சரி.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே நாள்காட்டியில் கிழித்த தாள்கள். ஐந்து, ஆறு, பதினைந்து, பதினாறு, இருபத்தைந்து, இருபத்தாறு. கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா எதிரே முறத்துடன் உட்கார்ந்து, பஸ் நம்பர் படிக்கிற அறிவை வைத்துக்கொண்டு, "சரிதான்", "சரிதான்" என்றார்.

"எல்லாம் சரியாத்தான் வருது" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. "கண்ணும் நல்லாருக்காம். அப்ப விழுந்ததுல மண்டைக்குள்ளதான் என்னமோ ஆயிருக்கு தம்பி. ஒங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல."

அம்மா அங்கேயேதான் இருந்தார். முறத்தை நிறுத்திவிட்டார்.

நான் பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினேன்.

அப்பா வாங்கி வாசற்பக்க வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆறு" என்றார்.

"ஆறுதான்ப்பா. நீ ஒண்ணு விட்டுப் பிடிப்பேன்னு நானே ஒண்ணு கூட்டி எழுதிட்டேன்."

"நானும் கூட்டுனேன்."

"தெரியும்ப்பா."

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "ஏ புள்ள, ஆறுதான்டி. நான் பாத்தது ஆறுதான். எனக்கு ஒண்ணுமில்ல" என்று அம்மாவிடம் தாளைக் காட்டினார். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை அப்பாவுக்கு முன்னாலேயே கணக்கை முடித்துவிட்டது.

அப்பாவுக்கு அது மெல்லத்தான் வந்து சேர்ந்தது.

"அப்ப அன்னைக்கு நான் கேட்டேனே தம்பி?"

நான் பையை மூடினேன்.

"தாள்ல தப்பு வரும். எங்க வேலையிலயும் வரும். பிரிச்சுட்டுத் திரும்ப அடிப்போம், அதுல என்னா? ஆனா நான் ஒன்னையக் கேட்டேன்ல."

அவ்வளவுதான். திட்டவில்லை. நாள்காட்டித் தாள்களை அடுக்கி மடித்தார். பிறகு, "நாளைக்கு லீவு சொல்லிரு. அரியலூருக்குப் போறோம். சிங்காரத்துகிட்ட நீயே சொல்லு" என்றார்.

அரியலூர்

பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம். அரியலூர் நெருங்க நெருங்கச் சாலையோர மரங்களின் இலைகள் வெளுத்துவிடும். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற தூசு. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தான் வேலை பார்த்த கட்டடங்களை வழக்கமாக எனக்குக் காட்டுவார். அன்றைக்குக் காட்டவில்லை.

மண்டப வேலையில் எட்டுப் பேர் இருந்தார்கள். தூண்களுக்குப் பலகையால் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்பா நகரவில்லை. எல்லோருக்கும் நடுவிலேயே நின்றார். நானும் நின்று சொன்னேன். தாளில் எழுதியது, அப்பா கேட்டது, நான் ஆமா என்றது, எல்லாவற்றையும்.

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. பலகைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "காலேசு படிச்சா ஒரு இஞ்ச் கூடத் தருவாங்க போல" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கே மனசு கேக்கலண்ணே. ஒங்க கை தப்பாதேன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா போட்ட ஆள எறக்க முடியாது. கீழ்த்தளம் அவன் முடிக்கட்டும். மேல்தளத்துக்கு நீங்க வாங்க."

"சரி சிங்காரம்" என்றார் அப்பா. "ஆள எறக்கச் சொல்லி வரல. சொல்லிட்டுப் போவத்தான் வந்தோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். 

பிறகு

மேல்தளத்துக்குக் கூப்பிட இன்னும் ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தில் ஒருநாள் அப்பா கிட்டாரை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பிரிட்ஜைக் கழற்றினார். மலைவேம்பிலேயே ஐந்து சின்ன ஆப்பு சீவிப் பழைய துளைகளை அடைத்தார். பிக்அப்பைக் கழுத்தோரமாகப் பதித்திருந்ததால் பிரிட்ஜை ஓர் அங்குலம் முன்னே நகர்த்த இடம் இருந்தது.

இந்தமுறை தாள் இல்லை. நான் வெள்ளைத் துண்டின் ஓரத்தில் டேப்பைப் பிடித்தேன். "ஒண்ணு விட்டுப் புடிச்சிருக்கியா?" என்றார். "விட்டுத்தான் புடிச்சிருக்கேன்" என்றேன். "உள்ளபடி நீளம் எவ்வளவு?" "இருபத்தஞ்சரை." "டேப்புல எங்க வைக்கணும்?" "இருபத்தாறரையில." பிறகுதான் பென்சிலை வைத்தார்.

பன்னிரண்டாவது கட்டத்தில் விரல் வைத்துத் தட்டினேன். சரியாக இருந்தது. அப்பா கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். ஐந்து ஆப்புகளும் வார்னிஷுக்கு அடியில் இன்னும் தெரிகின்றன. யாராவது கேட்டால் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவர் அரியலூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். எங்களுக்குள் ஒன்றும் கோபமில்லை. ஆனால் ஒரு வழக்கம் மாறியிருக்கிறது. நான் எதை எழுதிக் கொடுத்தாலும், அது பேங்க் சீட்டாகவே இருந்தாலும், அப்பா மடிப்பதற்கு முன்னால், "ஒருதரம் படிச்சுக் காட்டு தம்பி" என்கிறார். படித்துக் காட்டுகிறேன். 

போன வாரம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அதுக்கு மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?" என்று கிட்டாரைக் காட்டிக் கேட்டார். கழுத்து, மரம், காந்தம், கம்பி, வார்னிஷ் என்று எல்லாம் போட்டு ஏழாயிரத்து எழுநூற்று நாற்பது என்றேன்.

"ஒங்கப்பா வூட்டுல குந்தியிருந்த நாளு?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். "நீ மூடி வச்சிருந்தது மூணு வாரம், அதுக்கப்புறம் காத்திருந்தது அஞ்சு வாரம், ஞாயித்துக்கெழமையக் கழிச்சா நாப்பத்தெட்டு நாளு." பள்ளிக்கூடத்துக்கே போகாதவர் விரல்கூட மடக்கவில்லை.

"நாளுக்குத் தொள்ளாயிரம். அதையும் கூட்டிச் சொல்லு."

கூட்டிச் சொன்னேன். ஐம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.